ஜிங்க் ஆக்சைடு ப்ராஜெக்ட்டா? ஃபர்னஸ் கதவைத் திறக்கும் முன் அக்கா சொல்வதைக் கேள்

எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு அலுமினியம் டோப் செய்த ஜிங்க் ஆக்சைடு ஃபிலிம் எடுத்திருக்கிறாய். நல்ல தேர்வு, தங்கச்சி. மூலப்பொருள் விலை அதிகமில்லை, சோல்-ஜெல் முறையில் கல்லூரி லேபிலேயே செய்துவிடலாம், வெளியே அனுப்பி அளக்கவும் வழி இருக்கிறது. நம் ஊர் இயற்பியல் துறைகளில் ஜிங்க் ஆக்சைடு இத்தனை பேர் கையில் இருப்பதற்குக் காரணமே இதுதான். ஆனால் பலரும் செய்வதால் ஒரு வாய்பாடும் உருவாகிவிட்டது. 0, 1, 3, 5 சதவீதம் டோப் பண்ணு, 400, 500, 600 டிகிரியில் அனீல் பண்ணு, எக்ஸ்ஆர்டி எடு, பேண்ட் கேப் போடு, டோப்பிங்குக்கு ஓர் அத்தியாயம், அனீலிங்குக்கு ஓர் அத்தியாயம் எழுது.

இரண்டையும் இப்படிப் பிரிப்பதை நான் ஏற்கமாட்டேன். கரைசலில் நீ போட்ட அலுமினியம் துத்தநாகத்தின் இடத்தில் போய் உட்கார்ந்து எலெக்ட்ரான் கொடுக்கிறதா, கிரெய்ன் ஓரத்தில் ஆக்சைடாக ஒதுங்கிக் கிடக்கிறதா என்பதைத் தீர்மானிப்பது ஃபர்னஸ். அனீல் செய்யாத டோப்பிங்கில் பாதிக் கதைதான் இருக்கிறது. கீழே நான் சொல்லும் டிப்ஸ் எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து வருபவை.

எதையும் டோப் செய்யும் முன்

முதலில் சுத்தமான ஜிங்க் ஆக்சைடை நன்றாகப் புரிந்துகொள். அறுகோண வுர்ட்சைட் அமைப்பு. பேண்ட் கேப் அறை வெப்பத்தில் சுமார் 3.37 எலெக்ட்ரான் வோல்ட், அதாவது 368 நானோமீட்டர் பக்கம். எக்ஸைட்டான் பிணைப்பு ஆற்றல் 60 மில்லி எலெக்ட்ரான் வோல்ட். அறை வெப்பத்தின் ஆற்றல் 26தான் என்பதால் எக்ஸைட்டான் உடையாமல் நின்று ஒளி கொடுக்கும். புற ஊதா எல்.இ.டி.க்கு இதை இத்தனை பேர் விரும்பியதற்கு இதுதான் காரணம்.

நீ ஒன்றுமே சேர்க்காவிட்டாலும் இது என்-டைப்பாகத்தான் இருக்கும். ஆக்சிஜன் காலியிடம்தான் இதற்குக் காரணம் என்று பல பழைய தீசிஸ்களில் எழுதியிருக்கும். அதை அப்படியே நகலெடுக்காதே. 2000-இல் கிறிஸ் வான் டி வால் செய்த கணக்கீடு, பொருளுக்குள் நுழைந்துவிடும் ஹைட்ரஜனே ஜிங்க் ஆக்சைடில் ஆழமற்ற டோனராக நிற்க முடியும் என்று காட்டியது. ஆக்சிஜன் காலியிடம் ஆழமான டோனர், அறை வெப்பத்தில் தாராளமாக எலெக்ட்ரான் கொடுக்காது என்று பின்னால் வந்த கணக்கீடுகள் சொல்லின. அனீல் செய்யும்போது ஹைட்ரஜனும் வெளியேறும். அதனால் டோப் செய்யாத ஃபிலிமின் மின்தடை சூட்டில் மாறினால், “காலியிடம் நிரம்பியது” என்று ஒரே வரியில் முடித்துவிடாதே.

இதிலிருந்து வரும் முதல் டிப்ஸ்: டோப் செய்யாத சாம்பிளும் டோப் செய்த சாம்பிளோடு ஒவ்வொரு படியிலும் கூடவே வரவேண்டும். அதே நாளில் கோட்டிங், அதே ஃபர்னஸ், அதே நேரம். டோப் செய்து அனீல் செய்யாத ஒரு துண்டையும் எடுத்து வை. டோப் இல்லை, அனீல் இல்லை; டோப் இல்லை, அனீல் உண்டு; டோப் உண்டு, அனீல் இல்லை; இரண்டும் உண்டு. இந்த நாலும் கையில் இருந்தால் மாற்றம் எதனால் வந்தது என்று உன்னால் சொல்ல முடியும். பதினைந்து சாம்பிள் கொண்ட பெரிய தொடரைவிட, மூன்று முறை திருப்பிச் செய்த இந்த நாலு எனக்குப் பெரிது.

எடை போடும்போது

சதவீதம் என்றால் எந்தச் சதவீதம்? சந்தையில் கிடைக்கும் ஸ்பட்டரிங் டார்கெட்டில் “2 சதவீதம்” என்று இருந்தால் பெரும்பாலும் அது அலுமினியம் ஆக்சைடின் எடைச் சதவீதம். அணுக் கணக்கில் அது 3.2 சதவீதத்துக்குப் பக்கத்தில் வரும். நீ சோல்-ஜெல்லில் போடும் 2 சதவீதம் அணுச் சதவீதம். இரண்டையும் ஒரே வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் முடிவே கோணலாகிவிடும்.

கணக்கு இப்படி. 50 மில்லிலிட்டர், 0.5 மோலார் கரைசல் என்றால் மொத்தம் 0.025 மோல் உலோக அயனி. 2 அணுச் சதவீத அலுமினியத்துக்கு ஜிங்க் அசிடேட் டைஹைட்ரேட் 5.38 கிராம், அலுமினியம் நைட்ரேட் நோனாஹைட்ரேட் 0.188 கிராம். அலுமினியத்தைச் சேர்த்த அளவுக்குத் துத்தநாகத்தைக் குறைத்திருப்பதைக் கவனி. குறைக்காமல் மேலே மேலே சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று, அந்த நைட்ரேட் ஈரத்தை இழுக்கும். சென்னை, கடலூர்ப் பக்கம் மழைக்காலத்தில் மூடி திறந்து கிடந்த பாட்டிலிலிருந்து எடுத்த 0.188 கிராமில் தண்ணீர் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. புது பாட்டில், டெசிகேட்டர், மூன்று தசம இடம் காட்டும் தராசு. முடிந்தால் கடைசி ஃபிலிமில் இருக்கும் உண்மையான அளவை இடாக்ஸிலோ ஐசிபியிலோ பார்த்துவிடு. கரைசலில் போட்டதும் ஃபிலிமில் இருப்பதும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எந்த விதியும் கிடையாது.

இந்த இடத்தில் ஒரு கண்டிப்பு. சோல்-ஜெல் செய்முறைகளில் நிறைய இடத்தில் 2-மெத்தாக்ஸி எத்தனால் என்று இருக்கும். அது இனப்பெருக்க உறுப்புகளையும் வயிற்றிலிருக்கும் குழந்தையையும் பாதிக்கும் கரைப்பான். ஃப்யூம் ஹூட் வேலை செய்யாத லேபில் அதைத் திறக்கவே கூடாது. எத்தனாலோ ஐசோப்ரொப்பனாலோ வைத்துச் செய்யும் முறைகளும் இருக்கின்றன. ஃபிலிம் கொஞ்சம் சுமாராக வந்தாலும் பரவாயில்லை. கைடிடம் தயங்காமல் கேள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

போட்டது எங்கே போகிறது

ஒரு கன சென்டிமீட்டர் ஜிங்க் ஆக்சைடில் சுமார் 4 × 10²² துத்தநாக அணுக்கள் இருக்கின்றன. அதில் ஒரு சதவீதத்தை அலுமினியம் பிடித்து, ஒவ்வொன்றும் ஓர் எலெக்ட்ரானைக் கொடுத்தால் 4 × 10²⁰ எலெக்ட்ரான். சிலிக்கான் பாடத்தில் 10¹⁵, 10¹⁷ என்றெல்லாம் படித்திருப்பாய். அதோடு ஒப்பிட்டால் ஜிங்க் ஆக்சைடில் நாம் டோப்பிங் என்று சொல்வது கலவை செய்வதற்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அதனால் எல்லை சீக்கிரமே வந்துவிடும். நாலு ஆக்சிஜன் சூழ்ந்த இடத்தில் துத்தநாக அயனியின் ஆரம் 0.60 ஆங்ஸ்ட்ராம், அலுமினியத்துக்கு 0.39. சின்னதாக இருப்பதால் உள்ளே நுழையும். ஆனால் சுற்றியிருக்கும் அமைப்பை இழுக்கும். சில சதவீதத்தைத் தாண்டினால் மிச்சம் கிரெய்ன் ஓரத்துக்கு ஒதுங்கும். அதிகச் சூடும் சேர்ந்தால் ஜிங்க் அலுமினேட் என்ற ஸ்பினல் உருவாகும். அது மின்சாரம் கடத்தாது. அதனால்தான் அலுமினியத்தைக் கூட்டக் கூட்ட மின்தடை முதலில் இறங்கி, பிறகு ஏறுகிறது. அந்தத் திருப்பம் எந்தச் சதவீதத்தில் வருகிறது என்பது உன் அனீலிங் வெப்பத்தைப் பொறுத்து நகரும். “உகந்த அளவு 2 சதவீதம்” என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தச் சூட்டில், எந்த வாயுவில் என்று சேர்த்து எழுது.

ஓரத்துக்கு ஒதுங்குவதெல்லாம் கெட்டது என்றும் நினைத்துவிடாதே. மின்னல் தாக்கும்போது கம்பிகளையும் கருவிகளையும் காப்பாற்றும் வேரிஸ்டர் என்ன? பிஸ்மத் ஆக்சைடும் கோபால்ட், மாங்கனீஸ், ஆன்டிமனி ஆக்சைடுகளும் சேர்த்துச் சுட்ட ஜிங்க் ஆக்சைடு செராமிக்தான். ஜப்பானில் மட்சுஷிடா நிறுவனத்தில் மிச்சியோ மட்சுவோகா இதை உருவாக்கி, 1971-இல் விரிவாக எழுதினார். பிஸ்மத் அயனி துத்தநாகத்தின் இடத்துக்கு ரொம்பப் பெரிது, உள்ளே போகாது. 800 டிகிரியைத் தாண்டியதும் பிஸ்மத் ஆக்சைடு உருகி கிரெய்ன்களுக்கு நடுவில் பரவும். 1100-க்கு மேல் சுட்டு ஆற்றும்போது ஒவ்வொரு ஓரத்திலும் ஒரு மின்தடுப்பு உருவாகும். ஓர் ஓரம் ஏறக்குறைய 3 வோல்ட் தாங்கும். எத்தனை ஓரம் குறுக்கே இருக்கிறதோ அத்தனை மடங்கு. ஆகவே வேரிஸ்டர் எத்தனை வோல்ட்டில் திறக்கும் என்பது கிரெய்ன் அளவில் இருக்கிறது. கிரெய்ன் அளவோ சுட்ட சூட்டிலும் நேரத்திலும் இருக்கிறது. டோப்பிங்கையும் சூட்டையும் பிரிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

லித்தியம் எடுத்திருக்கும் உன் தோழிக்கும் சொல்: துத்தநாகத்தின் இடத்தில் உட்கார்ந்தால் அது அக்செப்டர், இடுக்கில் நுழைந்தால் டோனர். ஒரே தனிமம் தன்னைத்தானே ஈடுகட்டிக்கொள்ளும். பி-டைப் கிடைத்தது என்று ஹால் அளவீடு ஒருமுறை காட்டினால் உடனே கொண்டாட வேண்டாம். வேறொரு நாள், வேறு கான்டாக்ட் வைத்து, சில வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல். பி-டைப் எவ்வளவு கஷ்டம் என்று புரிய, 2005-இல் நேச்சர் மெட்டீரியல்ஸ் இதழில் ட்சுகாசாக்கியும் ஜப்பானில் அவரோடு வேலை செய்தவர்களும் எழுதிய கட்டுரையைப் படிக்கட்டும். அவர்கள் அக்செப்டராகப் போட்ட நைட்ரஜன் உள்ளே நிற்க வேண்டுமானால் சூடு குறைவாக இருக்க வேண்டும். படிகம் நன்றாக அமைய வேண்டுமானால் சூடு அதிகம் வேண்டும். அவர்கள் ஃபிலிமை வளர்க்கும்போதே சூட்டை மாறி மாறி இறக்கி ஏற்றி, இரண்டையும் சாதித்து எல்.இ.டி. காட்டினார்கள்.

ஃபர்னஸில் இருப்பது சூடு மட்டும் இல்லை

“500 டிகிரியில் ஒரு மணி நேரம்” என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் முதலில் நீ கேட்க வேண்டிய கேள்வி, எந்த வாயுவில்? அலுமினியம் டோப் செய்த ஃபிலிமைக் காற்றில் அனீல் செய்தால் ஆக்சிஜன் கிரெய்ன் ஓரங்களில் ஒட்டி எலெக்ட்ரானைப் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் மின்தடை ஏறும். அதே ஃபிலிமை வெற்றிடத்திலோ, 5 சதவீத ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜனிலோ அனீல் செய்தால் மின்தடை இறங்கும். வெப்பம் ஒன்று, நேரம் ஒன்று, விடை நேர் எதிர். கண்ணாடி மேல் கடத்தும் படலம் வேண்டுமா, வாயு சென்சார் வேண்டுமா என்று முதலில் முடிவு செய்துகொண்டு அதற்கேற்ற வாயுவைத் தேர்ந்தெடு. சென்சாருக்கு அந்த ஓரத்து ஆக்சிஜன்தான் உயிர். 1962-இல் ஜப்பானில் செய்யாமா குழு ஜிங்க் ஆக்சைடு ஃபிலிமை வைத்து வாயுவைக் கண்டுபிடித்ததும் இந்த மேற்பரப்பை நம்பித்தான்.

ஹைட்ரஜன் இருக்கும்போது சூட்டை ரொம்ப ஏற்றாதே. ஆக்சைடு உலோகத் துத்தநாகமாக மாறி ஆவியாகப் போய்விடும், ஃபிலிமே மெலிந்துவிடும். சுத்த ஹைட்ரஜன் பக்கம் போகவே வேண்டாம், வெடிக்கும். குறைக்கும் வாயுவில் அனீல் செய்தால் 100 டிகிரிக்குக் கீழே ஆறும்வரை அதே வாயு ஓடட்டும். 300 டிகிரியில் அவசரப்பட்டுத் திறந்தால், நீ ஒரு மணி நேரம் செய்ததைக் காற்று சில நிமிஷத்தில் மாற்ற ஆரம்பித்துவிடும்.

சூட்டை நிமிஷத்துக்கு 5 டிகிரிக்கு மேல் ஏற்ற வேண்டாம். ஒவ்வொரு கோட்டிங்குக்கும் நடுவில் 250, 300 டிகிரியில் பத்து நிமிஷம் வைத்துக் கரைப்பானையும் அசிடேட்டையும் விரட்டிவிடு. விரட்டாமல் ஐந்தாறு அடுக்கு ஏற்றிவிட்டு ஒரேயடியாகச் சுட்டால் உள்ளிருந்து வரும் வாயு ஃபிலிமை வெடிக்கச் செய்யும். ஃபர்னஸ் காட்டும் எண்ணையும் நம்பாதே; தனியாக ஒரு தெர்மோகப்பிளைச் சாம்பிள் இருக்கும் இடத்தில் வைத்து ஒருமுறை சரிபார். குழாயின் நடுவுக்கும் ஓரத்துக்கும் வித்தியாசம் நிறைய இருக்கும்.

பவுடர் அனீல் செய்பவர்கள் சூடாக இருக்கும்போது எட்டிப் பார்த்துவிட்டு, மஞ்சளாகிவிட்டதே என்று பயப்படுவார்கள். ஜிங்க் ஆக்சைடு சூட்டில் மஞ்சளாகும், ஆறினால் வெள்ளையாகும். அது அதன் குணம். ஆறிய பிறகும் பழுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் கரிமம் எரியாமல் மிச்சம் இருக்கிறதா என்று பார்.

சப்ஸ்ட்ரேட்டும் ஒரு டோப்பன்ட் கடைதான். மைக்ரோஸ்கோப் ஸ்லைடு சோடா-லைம் கண்ணாடி. சூட்டில் அதிலிருக்கும் சோடியம் ஃபிலிமுக்குள் ஏறும். 500-ஐத் தாண்டினால் ஸ்லைடே வளையத் தொடங்கும். 600 வரை தொடர் வேண்டுமென்றால் எல்லா வெப்பத்துக்கும் குவார்ட்ஸ் அல்லது சிலிக்கான் வை. 400-க்கு ஸ்லைடு, 600-க்கு குவார்ட்ஸ் என்று கலக்காதே. முன்பு செம்பு வைத்துச் சுட்ட போட்டில் உன் சாம்பிளை வைக்காதே. உனக்கென்று ஓர் அலுமினா போட் வாங்கிப் பெயர் எழுதி வைத்துக்கொள்.

அளக்கும்போது

எக்ஸ்ஆர்டியில் (002) பீக் 34.42 டிகிரிப் பக்கம் வரும். டோப் செய்ததும் அது 0.05 டிகிரி வலப்பக்கம் நகர்ந்தது, ஆகவே அலுமினியம் உள்ளே போய்விட்டது என்று எழுதத் தோன்றும். பொறு. 200 மில்லிமீட்டர் ஆரமுள்ள கருவியில் சாம்பிள் 0.1 மில்லிமீட்டர் மேலே கீழே இருந்தாலே பீக் அவ்வளவு நகரும். ஃபிலிமில் இருக்கும் அழுத்தமும் நகர்த்தும். அனீல் செய்தால் அந்த அழுத்தம் தளர்ந்து மறுபடி நகரும். பவுடரென்றால் கொஞ்சம் சிலிக்கான் கலந்து அதன் 28.44 டிகிரி பீக்கை அளவுகோலாக வை. ஃபிலிம் என்றால் சிலிக்கான் சப்ஸ்ட்ரேட்டின் பீக் உதவும்.

“வேறு பீக் எதுவும் இல்லை, எனவே முழுவதும் டோப் ஆகிவிட்டது” என்ற வாக்கியத்தை எழுதவே எழுதாதே. ஓரிரு சதவீதத்துக்குக் குறைவாக இருக்கும் இன்னொரு பொருளைச் சாதாரண எக்ஸ்ஆர்டி காட்டாது. படிகமாகாத பொருளையும் பீக்காகக் காட்டாது. உன் டோப்பன்டே மொத்தம் 2 சதவீதம்தானே.

ஷெர்ரர் சமன்பாட்டில் பீக் அகலத்தை ரேடியனில் போட வேண்டும் என்பது தெரிந்திருக்கும். கருவியின் சொந்த அகலத்தையும் கழிக்க வேண்டும். அனீல் செய்த சாம்பிளில் அகலம் 0.15 டிகிரி, கருவியின் அகலம் 0.10 என்று வைத்துக்கொள். கழிக்காமல் போட்டால் 55 நானோமீட்டர். வர்க்கமூல முறையில் கழித்தால் 74. சூடு ஏற ஏறப் பீக் குறுகுவதால், பிழையும் சூட்டோடு சேர்ந்து வளரும். அதாவது அனீலிங்கின் விளைவையே அது மறைத்துவிடும். அலுமினியம் சேர்ப்பது பொதுவாக கிரெய்ன் வளர்ச்சியைத் தடுக்கும், அனீலிங் வளர்க்கும். எதிரெதிராக இழுக்கும் இரண்டை அளக்கும்போது இந்தக் கவனம் கட்டாயம் வேண்டும்.

மின்தடையை இருட்டில் அள. வெளிச்சம் பட்ட ஜிங்க் ஆக்சைடின் மேற்பரப்பிலிருந்து ஆக்சிஜன் விடுபட்டு எலெக்ட்ரான் பெருகும். விளக்கை அணைத்த பிறகும் அந்த விளைவு மணிக்கணக்கில் நிற்கும். ஜன்னல் ஓரம் வைத்த சாம்பிளையும் டப்பாவில் மூடி வைத்த சாம்பிளையும் ஒப்பிட்டுவிட்டு அனீலிங் விளைவு என்று சொல்ல முடியுமா? முந்தின இரவே எல்லாவற்றையும் கறுப்புப் பெட்டியில் வை. கான்டாக்டுக்கு இண்டியம் நல்லது. வெள்ளி சில நேரம் ஷாட்கி தடுப்பாக நின்று ஏமாற்றும். தடிமனை அனீல் செய்த பிறகு மறுபடி அள, ஏனென்றால் சுட்டதும் ஃபிலிம் சுருங்கும்.

பேண்ட் கேப் பெரிதானால் அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். அலுமினியம் சேர்த்தால் எலெக்ட்ரான் நிரம்பி கண்டக்ஷன் பேண்டின் அடிப்பகுதியை அடைத்துக்கொள்வதால் வருவது பர்ஸ்டைன்-மாஸ் நகர்வு, 1954-லேயே விளக்கப்பட்டது. மக்னீசியம் சேர்த்தால் பேண்டே மாறுகிறது. முன்னதைக் காற்றில் அனீல் செய்து எலெக்ட்ரானைக் குறைத்தால் கேப் திரும்ப இறங்கும். ஆகவே கேப்பை ஹால் அளவீட்டோடு சேர்த்துத்தான் பேச வேண்டும். ஃபோட்டோலூமினசென்ஸில் 520 நானோமீட்டர்ப் பக்கம் வரும் பச்சை ஒளிக்கு ஆக்சிஜன் காலியிடம், துத்தநாகக் காலியிடம், செம்பு என்று மூன்று விளக்கம் இருக்கிறது. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ஏன் என்று காரணம் சொல்.

கோபால்ட், மாங்கனீஸ் போட்டுக் காந்தத்தன்மை தேடுபவர்களுக்கு ஒரே டிப்ஸ்தான்: இரும்பு ட்வீசரைத் தொடாதீர்கள். ஃபிலிமில் வரும் காந்த சிக்னல் மிகச் சிறியது. ட்வீசர் விட்டுப்போகும் துகளே அந்த அளவுக்குக் காட்டும். பிளாஸ்டிக் ட்வீசர் வாங்குங்கள், டோப் செய்யாத சாம்பிளையும் கூடவே அளந்துவிடுங்கள்.

கடைசியாக லேப் நோட்டு. வாயு எது, எவ்வளவு ஓட்டம், ஏற்றிய வேகம், ஆற்றிய வேகம், எந்த வெப்பத்தில் திறந்தாய், குழாயில் எந்த இடம், அன்றைக்குக் காற்றில் ஈரம் எவ்வளவு. எல்லாவற்றையும் அன்றைக்கே எழுது. உனக்குப் பிறகு அதே ஃபர்னஸில் வேலை செய்யப் போகும் ஜூனியர் உன் நோட்டைப் பார்த்து அதே ஃபிலிமைச் செய்ய முடிய வேண்டும். முதல் நாலு சாம்பிளின் எக்ஸ்ஆர்டி வந்ததும், படமாக வேண்டாம், கருவி கொடுத்த டேட்டா ஃபைலையே எனக்கு அனுப்பு. பீக் அகலத்தை உட்கார்ந்து சேர்ந்தே பார்ப்போம்.